பிரம்பு தந்த அமைதி

“கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரிங்க சார்” என்று பிள்ளையை வாத்தியாரிடம் ஒப்படைத்த காலம் ஒன்று உண்டு. இன்று பினாங்கிலும், “என் பிள்ளையை யார் அடித்தது?” என்று கேட்டுப் பெற்றோர் பள்ளி அலுவலகத்தில் நிற்கிறார்கள்.

சட்டம் அன்றே கறாராகத்தான் இருந்தது. 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளின்படி, தலைமையாசிரியரோ அவர் அனுமதி பெற்றவரோதான் ரோத்தானை எடுக்கலாம். மாணவிகளை அடிக்கவே கூடாது. நாங்கள் படித்தபோது இதை யார் பார்த்தார்கள்!

அடி விழுந்ததும் வகுப்பு அமைதியாகிறதே, அது பாடத்தைக் கவனிக்கும் அமைதியா? மூளையின் அமிக்டலா ஆபத்தை உணர்ந்ததும் அட்ரினலினும் கார்டிசோலும் சுரக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது. கவனமெல்லாம் ரோத்தான் மேல்; யோசிக்கும் வேலையைச் செய்யும் முன்மூளை தடுமாறுகிறது.

2021இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வில் 147 பிள்ளைகளின் மூளையை எம்ஆர்ஐ கருவியில் பார்த்தார்கள். பயந்த முகங்களின் படங்களைக் காட்டியபோது, அடி வாங்கி வளர்ந்தவர்களின் மூளையில் சில பகுதிகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இயங்கின. அது வீட்டு அடியைப் பற்றிய ஆய்வு. பள்ளிக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

“அடிக்காமல் வகுப்பை எப்படி அடக்குவது?” என்று சக ஆசிரியர்கள் கேட்பதும் நியாயம்தான். ஆனால் ஓம் விதியில் சந்தேகம் கேட்க, பயந்த மாணவன் கை தூக்கி நான் பார்த்ததில்லை.