குத்துச்சண்டையில் நம்பர் 1 யார்? பட்டம் வாங்கியவர்களும், வாசலில் நிறுத்தப்பட்டவர்களும்!

குரோம்பேட்டை -

தோலால் பெயர் வாங்கிய ஊர் குரோம்பேட்டை. சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் தொடங்கிய ‘குரோம் லெதர்’ தொழிற்சாலைதான் ஊருக்கு இந்தப் பெயர் வரக் காரணம்.

குத்துச்சண்டையின் தலையெழுத்தை மாற்றியதும் ஒரு ஜோடித் தோல் உறைதான். அதை மாட்டிக்கொண்டு சண்டை போடச் சட்டம் எழுதியவரின் பெயரும் சேம்பர்ஸ்தான்! பெயர்ப் பொருத்தம் மட்டும்தான், ஆள் வேறு. அவர் ஜான் கிரகாம் சேம்பர்ஸ்.

1867-ல் இங்கிலாந்தில் வெளிவந்த அந்தச் சட்டத்துக்கு ‘குவின்ஸ்பெரி விதிகள்’ என்று பெயர். வெறுங்கையால் குத்தக் கூடாது. 3 நிமிடம் சண்டை, 1 நிமிடம் ஓய்வு. விழுந்தவர் 10 விநாடிக்குள் எழுந்திருக்காவிட்டால் அவுட்!

இந்த உறை மாட்டிய காலத்தின் தொடக்கத்தில், அதாவது 1892 முதல் 1915 வரை, ‘ஹெவி வெயிட்’ வீரர்களில் யார் பெரிய ஆள்? நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் இந்த வாய்ச்சண்டை ஓயவில்லை. வடசென்னையில் சார்பட்டா பரம்பரையா, இடியப்ப நாயக்கர் பரம்பரையா என்று டீக்கடையில் மல்லுக்கு நின்றவர்களுக்கு இந்தச் சங்கதி நன்றாகப் புரியும்.

குமாஸ்தாவிடம் விழுந்த பயில்வான்

ஜான் சல்லிவன். அமெரிக்காவே தலையில் தூக்கி வைத்து ஆடிய பயில்வான். 1889-ல் ஜேக் கில்ரெயினோடு வெறுங்கையால் 75 ரவுண்டு மோதி ஜெயித்தவர். இரண்டே கால் மணி நேரச் சண்டை!

அவரைச் சாய்த்தவர் யார் தெரியுமா? ஒரு பாங்கு குமாஸ்தா! சான்பிரான்சிஸ்கோ வங்கியில் வேலை பார்த்த ஜேம்ஸ் கார்பெட். 1892 செப்டம்பர் 7-ந் தேதி நியூ ஆர்லியன்ஸ் நகரில், கையில் உறை மாட்டி நடந்த சண்டை. சல்லிவன் காளை மாதிரி பாய்ந்தார். கார்பெட் நழுவி நழுவிக் குத்தினார். 21-வது ரவுண்டில் சல்லிவன் அவுட். பலத்தை மூளை ஜெயித்தது.

கார்பெட்டை 1897-ல் ஒரு கொல்லன் வீழ்த்தினார். பெயர் பாப் ஃபிட்சிமன்ஸ். எடை சுமார் 76 கிலோதான்! 14-வது ரவுண்டில் நெஞ்சுக்குழியில் ஒரே குத்து. கார்பெட் மூச்சு விட முடியாமல் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சண்டை சினிமாப் படமாகவும் எடுக்கப்பட்டு ஓடியது.

1899-ல் ஃபிட்சிமன்சைச் சாய்த்தவர் ஜேம்ஸ் ஜெஃப்ரிஸ். கொதிகலன் தொழிலாளி. இரும்பு உடம்பு. எவ்வளவு அடித்தாலும் தாங்குவார். பட்டத்தை யாரிடமும் பறிகொடுக்காமல் 1905-ல் ஓய்வு பெற்றார்.

ஆக, வரிசை சல்லிவன், கார்பெட், ஃபிட்சிமன்ஸ், ஜெஃப்ரிஸ். அவ்வளவுதானா? இல்லை. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

வாசலில் நின்றவர்

பீட்டர் ஜாக்சன் என்று ஒருவர். மேற்கிந்தியத் தீவில் பிறந்தார். ஆஸ்திரேலியாவுக்குப் போய் 1886-ல் அந்நாட்டு சாம்பியன் ஆனார். சல்லிவனோடு மோதத் துடித்தார். சல்லிவன் மறுத்துவிட்டார். காரணம், ஜாக்சன் கறுப்பர்!

கறுப்பரோடு மோத மாட்டேன் என்று சல்லிவன் பகிரங்கமாகவே அறிவித்திருந்தார். இதற்கு ‘நிறக்கோடு’ என்று பெயர். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவன் எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் பட்டத்துக்குப் பக்கத்தில் வர முடியாது.

1891-ல் ஜாக்சனோடு மோதியவர் கார்பெட். சுமார் 4 மணி நேரம், 61 ரவுண்டு! இருவரும் கையைத் தூக்க முடியாமல் நின்றார்கள். முடிவு சொல்லாமலே சண்டையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு கார்பெட்டுக்குப் பட்டச் சண்டை கிடைத்தது. ஜாக்சனுக்குக் கிடைத்தது வெறும் பாராட்டு. 1901-ல் காசநோயில் இறந்துபோனார்.

சிட்னியில் உடைந்த கோடு

கோட்டை உடைத்தவர் ஜாக் ஜான்சன். அன்றைய சாம்பியன் கனடாக்காரர் டாமி பர்ன்ஸ். அவரை நாடு நாடாகத் துரத்தினார் ஜான்சன். பர்ன்ஸ் கேட்ட தொகை 30 ஆயிரம் டாலர். கொடுக்க ஆள் கிடைத்ததும் சம்மதித்தார். ஜான்சனுக்குக் கிடைத்தது 5 ஆயிரம் டாலர்தான்.

1908 டிசம்பர் 26. சிட்னி. பர்ன்ஸ் வாங்கிய அடியைப் பார்க்கச் சகிக்காமல் 14-வது ரவுண்டில் போலீசார் புகுந்து சண்டையை நிறுத்தினார்கள். முதல் கறுப்பு ஹெவி வெயிட் சாம்பியன்!

வெள்ளையர்களுக்குப் பொறுக்குமா? ஓய்ந்து கிடந்த ஜெஃப்ரிஸைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். 1910 ஜூலை 4-ந் தேதி ரீனோ நகரில் 15-வது ரவுண்டில் அவரும் விழுந்தார். அன்றிரவு அமெரிக்காவில் பல ஊர்களில் கலவரம். செத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள்.

பிறகு வழக்கு வந்தது. வெள்ளைக்காரப் பெண்ணை மாநில எல்லை தாண்டி அழைத்துச் சென்றார் என்று 1913-ல் ஜான்சனுக்குச் சிறைத் தண்டனை விதித்தார்கள். நாட்டை விட்டே ஓடினார். 1915-ல் கியூபாவில் ஜெஸ் வில்லர்டிடம் பட்டத்தை இழந்தார். அந்த வழக்கில் அவருக்கு அமெரிக்க ஜனாதிபதியின் மன்னிப்பு கிடைத்தது 2018-ல். அவர் இறந்து 72 ஆண்டு கழித்து!

ஜான்சனின் மறுபக்கம்

ஆனால் ஜான்சனும் சுத்தத் தங்கம் அல்ல. பட்டம் கைக்கு வந்ததும், கூடவே கஷ்டப்பட்ட கறுப்பு வீரர்களுக்கு அவரும் கதவைச் சாத்தினார்.

சாம் லாங்ஃபோர்டு குள்ளமானவர். ஆனால் குத்து இடி! 1906-ல் ஜான்சனிடம் 15 ரவுண்டு நின்று தோற்றவர். பட்டம் வாங்கிய ஜான்சன் அவரோடு மறுபடி மோதவே இல்லை. ஜோ ஜெனட், சாம் மெக்வே இருவருக்கும் அதே கதிதான். இவர்கள் இருவரும் 1909-ல் பாரிசில் 49 ரவுண்டு மோதினார்கள். பல தடவை விழுந்து விழுந்து எழுந்த ஜெனட்தான் கடைசியில் ஜெயித்தார். பட்டம்? அதுதான் இல்லை!

லாங்ஃபோர்டுக்குப் பார்வை போய்விட்டது. 1944-ல் ஒரு பத்திரிகையாளர் தேடிப் போனபோது நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வறுமையில் கிடந்தார். செய்தி வந்த பிறகுதான் ரசிகர்கள் நிதி திரட்டிக் கொடுத்தார்கள்.

நமது பட்டியல்

‘தி ரிங்’ பத்திரிகையை 1922-ல் தொடங்கிய நாட் ஃபிளெய்ஷர் 1958-ல் ஒரு பட்டியல் போட்டார். அதில் முதல் இடம் ஜான்சன், 2 ஜெஃப்ரிஸ், 3 ஃபிட்சிமன்ஸ், 5 கார்பெட். பட்டமே வாங்காத லாங்ஃபோர்டுக்கு 7-வது இடம்!

யாரை ஜெயித்தார் என்பதோடு, யாரோடு மோத மறுத்தார் என்பதையும் கணக்கில் எடுத்தால் வரிசை இப்படி வரும்:

1. ஜான்சன் - கோட்டை உடைத்தவர். தற்காப்பில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.
2. லாங்ஃபோர்டு - தன்னைவிடப் பெரியவர்களை எல்லாம் சாய்த்தவர்.
3. ஜெஃப்ரிஸ் - பலம் உண்டு. ஆனால் சாம்பியனாக இருந்தபோது கறுப்பரோடு பட்டத்துக்கு மோதவில்லை.
4. பீட்டர் ஜாக்சன் - 61 ரவுண்டே சாட்சி.
5. ஃபிட்சிமன்ஸ் - எடைக்கு மீறிய குத்து.
6. கார்பெட் - ஜாக்சனோடு மோதத் துணிந்தவர். ஆட்டத்துக்கு மூளை கொடுத்தவர்.
7. சல்லிவன் - புகழ் பெரிது. ஒதுக்கிய ஆளும் பெரிய ஆள்.

1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிசோடு காட்சிச் சண்டை போட்டார். எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். ஜான்சனின் கதை தன் கதை மாதிரியே இருக்கிறது என்று நினைத்தவர் அலி.

1915-ல் ஜான்சன் தோற்ற பிறகு, ஹெவி வெயிட் பட்டத்துக்கு மோத இன்னொரு கறுப்பருக்கு வாய்ப்புக் கிடைத்தது 1937-ல், ஜோ லூயிஸுக்கு. நடுவில் 22 ஆண்டு! அந்த 22 ஆண்டில் எத்தனை லாங்ஃபோர்டுகள் வாசலிலேயே நின்று திரும்பினார்களோ!

இனி தாம்பரம் ரயிலில் யாராவது ‘நம்பர் 1’ என்று பேச்சை எடுத்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “சரி சார், அவர் யார் யாரோட மோத மாட்டேன்னு சொன்னார்?”