மூன்று மில்லி குப்பி காக்கும் பறவை

மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி ஊசிமருந்தை 3 மில்லிக்கு மேல் கொள்ளும் குப்பியில் அடைத்து விற்கக் கூடாது என்று 2015-இல் இந்திய அரசு ஆணையிட்டது. மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் அதை உறுதிசெய்தது. பாறுக் கழுகுகளைக் காக்க இந்நாட்டில் எடுத்த முடிவுகளிலேயே மிகக் கூர்மையானது இதுதான் என்பேன்.

நம் மூட்டுவலி மருந்துக்கும் இந்தப் பறவைக்கும் நடுவே நிற்பது மாடு. 1990-களில் நொண்டும் மாட்டுக்கும் காய்ச்சல் கண்ட மாட்டுக்கும் போட டைக்ளோஃபினாக் மலிவாகக் கிடைத்தது. ஊசி போட்ட சில நாளில் மாடு செத்துப்போனால் மருந்து இறைச்சியிலேயே தங்கிவிடும். அதைத் தின்னும் பாறுகளின் சிறுநீரகம் செயலிழக்கும். வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் ஈரல்மேலும் இதயத்தின்மேலும் வெள்ளை வெள்ளையாகப் படியும். சில நாளில் சாவு. அழுகிய இறைச்சியில் நெளியும் கிருமிகளைப் பொசுக்கும் அமிலம் சுரக்கிற வயிறு பாறுக்கு உண்டு. ஆனால், இந்த மருந்தை அதன் உடலால் தாங்க முடியவில்லை.

பாகிஸ்தானில் செத்துக் கிடந்த பறவைகளை அறுத்து ஆராய்ந்து, ஆய்வாளர் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004-இல் காரணத்தைக் கண்டறிந்தார்கள். 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இவ்வளவு சாவுக்கும் போதும் என்கிறது கணக்கு. ஒரே சடலத்தைப் பல பத்துப் பறவைகள் சூழ்ந்து தின்னும்; இரை தேடி ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும்.

அதனால்தான் காட்டை மட்டும் காத்துப் பயனில்லை. நீலகிரிப் பக்கத்து மாயாற்றங்கரை நீர்மருது மரத்தில் கூடு கட்டும் பறவையின் ஆயுள், தொலைவில் ஏதோ ஓர் ஊர் மருந்துக்கடையில் கைமாறும் குப்பியில் இருக்கிறது. கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் கொடுப்பதை 2006-இலேயே தடைசெய்தாயிற்று. மெலாக்சிகம் என்ற பாதுகாப்பான மாற்று மருந்தும் இருந்தது. ஆனால் மனிதர்களுக்கென்று விற்ற 30 மில்லி குப்பிகள் மாட்டுத் தொழுவத்துக்குப் போய்க்கொண்டேயிருந்தன. குப்பியைச் சிறிதாக்கியதும் அதை மாட்டுக்குப் போடுவது கட்டுப்படியாகாமல் போனது: பெரிய மாட்டுக்கு ஒரு வேளைக்கே பல குப்பிகளை உடைக்க வேண்டும். மனிதருக்கோ ஒரு குப்பியே ஒரு வேளை மருந்து, எந்தக் குறையும் இல்லை.

தேசிய ஆணை இவ்வளவு தூரம்தான் வரும். மீதி வேலை அந்தந்த ஊரில். கீட்டோபுரோஃபென் என்ற இன்னொரு வலிநிவாரணியும் பாறுகளைக் கொல்லும். அசிக்ளோஃபினாக், மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும். இவ்விரண்டுக்கும் நாடு தழுவிய தடை 2023-இல்தான் வந்தது. அதற்கு முன்பே நீலகிரி, ஈரோடு, கோவை மாவட்டங்களில் கால்நடைகளுக்குக் கீட்டோபுரோஃபென் கொடுப்பதைத் தமிழ்நாடு நிறுத்தியிருந்தது. காட்டில் இயற்கையாகச் செத்த விலங்கைப் புதைக்காமலும் எரிக்காமலும் பாறுகளுக்கு விட்டுவைப்பதும் உள்ளூர் முடிவுதான். புலி அடித்த மாட்டின் சடலத்தில் ஆத்திரத்தில் நஞ்சு வைத்தால், புலியோடு பாறுகளும் சாகும். மாட்டுக்காரருக்கு இழப்பீடு தாமதமில்லாமல் கைக்குப் போய்ச் சேர்ந்தால் அந்த ஆத்திரம் தணியும். பாறுகளைக் காக்கும் திட்டத்தில் இதற்கும் முதல் வரிசையில் இடம் வேண்டும்.

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து 2023 தொடக்கத்தில் நடத்திய கணக்கெடுப்பில் 246 பாறுகள் தென்பட்டன. ஒரு சோடி ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து இணைசேரவே ஐந்தாண்டு அளவில் ஆகும். ஒரு மருந்தைத் தடைசெய்ய நாம் எடுத்துக்கொள்ளும் காலத்தில் ஒரு தலைமுறைப் பாறுகள் அழிந்துவிடும். கால்நடைக்கான எந்தப் புதிய வலிநிவாரணியும் பாறுகளுக்கு ஆபத்தில்லை என்று சோதித்து உறுதியான பிறகே கடைக்கு வர வேண்டும். இன்று நடப்பதோ தலைகீழ்: மருந்து முதலில் விற்பனைக்கு வருகிறது, பறவைகள் செத்த பிறகு சோதனை தொடங்குகிறது.