மெக்சிகோ மிளகாயும் மெல்ல வேகும் பன்றி இறைச்சியும்

பன்றியின் தோள்பகுதி இறைச்சியை உலர்ந்த மிளகாய்ச் சாந்துடன் சேர்த்து, மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகவைத்து, நார் நாராகப் பிரியும் பதத்தில் இறக்கும் முறை மெக்சிகோவிலும் அதன் வடக்கு எல்லையை ஒட்டிய அமெரிக்க மாநிலங்களிலும் நெடுங்காலமாக வழக்கில் இருந்து வருகிறது. யூக்கட்டான் தீபகற்பத்தில் இறைச்சியில் அச்சியோத்தே எனப்படும் செந்நிற விதைச் சாந்தையும் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றையும் பூசி, வாழையிலையில் பொதிந்து, மண்ணுக்குள் தோண்டிய குழியடுப்பில் வேகவைத்து, கொச்சினீட்டா பிபில் என்று பெயரிட்டு உண்கிறார்கள். மிச்சோவாகான் மாநிலத்தில் பெரிய செப்பு அண்டாக்களில் பன்றிக் கொழுப்பிலேயே மெதுவாக வேகவைக்கும் கார்னீத்தாஸ் புகழ்பெற்றது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலோ செம்மிளகாய்ச் சாந்தில் ஊறவைத்து வேகவைக்கும் கார்னே அதொவாதா வீட்டுச் சமையலின் முக்கிய உணவாக விளங்குகிறது. விருந்துக்கும் திருநாளுக்கும் உரியவை போலத் தோன்றும் இந்த உணவுகள், வேலை முடிந்து களைத்து வீடு திரும்பும் குடும்பத்தின் இரவுச் சாப்பாட்டுக்கும் மிகப் பொருத்தமானவை. இவை கேட்கும் நேரம் அடுப்பின் நேரமே தவிர சமைப்பவரின் நேரம் அன்று. கைவேலை அரை மணிக்குள் முடிந்துவிடும். ஆனால் எந்தப் பகுதி இறைச்சியை வாங்குவது, மிளகாயை எதற்காகச் சேர்ப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் இறங்கினால், எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் பயன் கிட்டாது.

இந்த உணவில் சேரும் இரண்டு முதன்மைப் பொருள்களில் ஒன்று மண்ணின் பயிர், மற்றொன்று வந்தேறிய விலங்கு. மிளகாய் மெக்சிகோவில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிரிடப்பட்டுவிட்டது. பன்றியோ 1493இல் கொலம்பஸின் இரண்டாவது பயணத்தில்தான் கரீபியத் தீவுகளுக்குக் கப்பலேறி வந்து, பின்னர் ஸ்பானியர்களுடன் மெக்சிகோவுக்குள் நுழைந்தது. அதுவரை வான்கோழியையும் நாயையும் வேட்டை விலங்குகளையும் உண்டுவந்த அந்நிலத்து மக்களிடம், கொழுப்பை உருக்கி அதில் வதக்கும் பழக்கம் பெரிதாக இருக்கவில்லை. பன்றிக் கொழுப்பும் பூண்டும் சீரகமும் வினிகரும் கடல் கடந்து வந்து, அம்மியில் அரைத்த மிளகாய்ச் சாந்தோடு சேர்ந்த பிறகே இன்றைய சுவை உருவாயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக மிளகாய் எதிர்த்திசையில் பயணம் செய்து கோவாவுக்கு வந்து சேர, வினிகரும் பூண்டும் சேர்த்துப் பன்றி இறைச்சியை ஊறவைக்கும் ஐபீரிய முறை அங்கே விந்தாலுவாக மாறியதை நினைத்தால், கார்னே அதொவாதாவும் விந்தாலுவும் தூரத்து உறவினர் என்பது விளங்கும்.

இறைச்சிக் கடையில் கொழுப்பில்லாத முதுகுத் தசையையோ பின்தொடையையோ கேட்டு வாங்குவது உடல்நலக் கணக்கில் சரியாகத் தோன்றினாலும், இந்தச் சமையலுக்கு அதுவே முதல் தவறு. நடக்கவும் மண்ணைக் கிளறவும் விலங்கு ஓயாமல் பயன்படுத்தும் முன்னங்கால் தோள்பகுதியில், தசை நார்களைக் கட்டிப்பிடித்து வைக்கும் இணைப்புத் திசு மிகுதியாக இருக்கிறது. அத்திசுவின் பெரும்பங்கு கொலாஜன் எனப்படும் புரதம். மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட கயிறாக அமைந்த இப்புரதத்தால்தான் அவசரமாக வேகவைத்த தோள் இறைச்சி பல்லுக்கு அடங்காமல் ரப்பராக இழுபடுகிறது. ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸுக்கு மேல், ஈரத்துடன் நீண்ட நேரம் சூடாகும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து கொலாஜன் ஜெலட்டினாகக் கரைகிறது. ஜெலட்டின் என்பது ஆட்டுக்கால் சூப்பு ஆறியதும் கட்டியாக உறைவதற்குக் காரணமான அதே பொருள்தான்.

பன்றி இறைச்சி உண்பதற்குப் பாதுகாப்பாவதும் நார் பிரியும் பதத்தை அடைவதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். அரைக்காத முழுத்துண்டு பன்றி இறைச்சியின் உள்வெப்பம் 63 டிகிரியை எட்டி, பின் மூன்று நிமிடம் ஆறவிட்டால் போதும் என்று அமெரிக்க வேளாண் துறை 2011 முதல் கூறிவருகிறது. ஆனால் அந்த வெப்பநிலையில் தோள்பகுதி இன்னும் கடினமாகவே இருக்கும்; முள்கரண்டியால் குத்தித் திருகினால் தானாகப் பிரிந்து வரும் பதத்துக்கு உள்வெப்பம் 90 முதல் 95 டிகிரி வரை ஏற வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் தசை நார்கள் தம் நீரை இழந்து வறண்டுபோகின்றன என்பது உண்மைதான். அந்த வறட்சியை ஈடுசெய்வது கரைந்த ஜெலட்டினும் உருகிய கொழுப்பும் ஆகும். இவ்விரண்டும் குறைவாக உள்ள முதுகுத் தசையை எட்டு மணி நேரம் வேகவைத்தால் கிடைப்பது பஞ்சு போன்ற வறட்டு நார் மட்டுமே. கொழுப்பைக் குறைக்க விரும்புவோர் மெலிந்த இறைச்சியைத் தேடுவதைவிட, தோள்பகுதியையே வாங்கிச் சமைத்து, குழம்பை ஓர் இரவு குளிர்ப்பெட்டியில் வைத்து, மேலே வெண்ணிறமாக உறைந்து நிற்கும் கொழுப்பைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடுவது நல்ல வழி.

இறைச்சியைவிட அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது மிளகாய். மெக்சிகோவின் சமையலறையில் மிளகாய் காரத்துக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை; குழம்புக்கு நிறமும் கெட்டித்தன்மையும் பழச்சுவையும் தருவது அதுவே. அங்கே பச்சையாக ஒரு பெயரும் உலர்ந்தபின் வேறொரு பெயரும் மிளகாய்க்கு உண்டு. போப்லானோ என்ற பெரிய பச்சை மிளகாய் பழுத்து உலர்ந்தால் ஆஞ்சோ. அது கருஞ்சிவப்பாகச் சுருங்கி, உலர் திராட்சையை நினைவூட்டும் மெல்லிய இனிப்புடன் இருக்கும். மிராசோல் உலர்ந்தால் குவாஹீயோ; தோல் வழவழப்பாகவும் பளபளப்பாகவும் இருக்க, சாந்து செங்கல் நிறத்தில் சிறு புளிப்புடன் இறங்கும். ஹலபேனியோ பழுத்துப் புகையில் உலர்ந்தால் சிபோட்லே. இவற்றோடு ஒல்லியான ஆர்போல் ஒன்றிரண்டு சேர்த்தால் காரம் ஏறும்.

காரத்தை அளக்க அமெரிக்க மருந்தியலாளர் வில்பர் ஸ்கோவில் 1912இல் வகுத்த அளவுகோலில், மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினின் அளவு எண்ணாகக் குறிக்கப்படுகிறது. அதன்படி ஆஞ்சோ 1,000 முதல் 2,000 வரையிலும், குவாஹீயோ 2,500 முதல் 5,000 வரையிலும், ஆர்போல் 15,000 முதல் 30,000 வரையிலும் நிற்க, யூக்கட்டானின் ஆபனேரோ லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. ஆகவே ஒரு சட்டிக் குழம்புக்கு எட்டு ஒன்பது மிளகாய் என்று படித்துத் திகைக்க வேண்டியதில்லை. ஆஞ்சோவும் குவாஹீயோவும் எண்ணிக்கையில் மிகுந்தாலும் நாக்கைச் சுடுவதில்லை. அதே எண்ணிக்கையில் குண்டு மிளகாயைப் போட்டால் நிலைமை வேறு. இவை கிடைக்காத ஊர்களில் காரம் குறைந்து நிறம் மிகுந்த பியாடகி மிளகாய் ஓரளவு ஈடுகொடுக்கும். ஆஞ்சோவின் இனிப்பை வேண்டுவோர் சாந்து அரைக்கும்போது நான்கைந்து உலர் திராட்சைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். காரம் விதையில் இருக்கிறது என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறச் சூலொட்டுப் பகுதியில்தான் கேப்சைசின் சுரக்கிறது, விதை அதைத் தொட்டுக்கொண்டிருப்பதால் காரமேறுகிறது. காரம் தணிய வேண்டுமானால் விதையை உதறுவதோடு நிற்காமல் அந்த வெண்ணரம்பையும் உரித்தெறிய வேண்டும்.

நியூ மெக்சிகோவில் மிளகாயின் மீதுள்ள பற்று சட்டசபை வரை சென்றிருக்கிறது. சிவப்பா பச்சையா, அதாவது உணவின் மேல் எந்த மிளகாய்க் குழம்பை ஊற்றுவது என்பதே அம்மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வி. பழுத்த செம்மிளகாயை உலர்த்திச் சாந்தாக்குவது ஒரு மரபு. பச்சை மிளகாயை நெருப்பில் வாட்டித் தோலுரித்துக் குழம்பாக்குவது மற்றொரு மரபு. பன்றித் தோள் இரண்டுக்கும் இசையும் என்றாலும், நீண்ட வேக்காட்டுக்குச் செம்மிளகாயே உகந்தது. பச்சை மிளகாயின் புத்துணர்வான மணம் எட்டு மணி நேரச் சூட்டில் மங்கிவிடுகிறது. உலர்ந்த மிளகாயோ நேரம் செல்லச் செல்ல ஆழம் பெறுகிறது.

ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டு இரவுகள் வரும் அளவுக்கு, ஒன்றரைக் கிலோ எலும்பில்லாத தோள்பகுதியை உள்ளங்கை அளவுத் துண்டுகளாக வெட்டி, ஏறத்தாழ 20 கிராம் உப்பைப் பிசிறி வைக்க வேண்டும். ஆறு குவாஹீயோவையும் மூன்று ஆஞ்சோவையும் காம்பு கிள்ளி, விதை உதறி, எண்ணெயில்லாத வாணலியில் ஒரு பக்கத்துக்கு அரை நிமிடத்துக்கு மிகாமல் வாட்ட வேண்டும். மணம் எழுந்து தோல் சற்றே நிறம் மாறுவதே அடையாளம். கருகிய மிளகாயின் கசப்பை வேறு எந்தப் பொருளாலும் மறைக்க முடியாது என்பதால், தீய்ந்தவற்றைத் தயங்காமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே சிக்கனம். வாட்டியவற்றை வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, ஒரு வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி சீரகம், சிறிது ஓரிகானோ, இரண்டு மேசைக்கரண்டி வினிகர் ஆகியவற்றுடன் மிக்ஸியில் மையாக அரைத்து, சக்கை தங்கும்படி வடிகட்ட வேண்டும். குவாஹீயோவின் தோல் எவ்வளவு அரைத்தாலும் மசிவதில்லை. வடிகட்டாவிட்டால் அது காகிதத் துணுக்காக நாக்கில் ஒட்டும்.

இதற்குப் பின் வரும் படியை அவசரக் குறிப்புகள் பலவும் விட்டுவிடுகின்றன. வடித்த சாந்தை நேரே இறைச்சியின் மேல் ஊற்றாமல், சூடான பன்றிக் கொழுப்பிலோ எண்ணெயிலோ கொட்டி, பச்சை வாடை போய் நிறம் அடர்ந்து எண்ணெய் பிரிந்து வரும் வரை ஐந்தாறு நிமிடம் வதக்குவது மெக்சிகோ சமையலின் அடிப்படை. மிளகாயின் நிறப்பொருளும் கேப்சைசினும் கொழுப்பில் கரைபவை, நீரில் கரைபவை அல்ல. அதனால் வதக்கிய சாந்தும் வதக்காத சாந்தும் ஒரே குழம்பைத் தருவதில்லை. மாறாக, இறைச்சித் துண்டுகளை முன்னதாகவே வறுத்துச் சிவக்கவைக்கும் வேலையைத் தாராளமாகத் தவிர்க்கலாம், ஏனெனில் முறுகலைக் கடைசியில் சேர்ப்பது எளிது.

வேகவைக்கும் கலம் எதுவாகவும் இருக்கலாம். அமெரிக்க வீடுகளில் இதற்குப் பெரிதும் பயன்படும் ஸ்லோ குக்கர், அதாவது மின்சாரத்தால் மெல்லிய சூட்டைப் பல மணி நேரம் தக்கவைக்கும் மூடிய பீங்கான் கலம், சிகாகோவைச் சேர்ந்த இர்விங் நாக்ஸன் 1940இல் காப்புரிமை பெற்ற கருவியிலிருந்து வந்தது. லித்துவேனியாவில் வளர்ந்த அவருடைய தாய், யூதர்களின் ஓய்வுநாளுக்காக முந்தைய மாலையே ரொட்டிக்கடை அடுப்பில் வைத்து இரவெல்லாம் வேகவிடும் சோலெண்ட் என்ற கூட்டுக்குழம்பைப் பற்றிச் சொன்னதே அதற்குத் தூண்டுதல். ரைவல் நிறுவனம் அவ்வுரிமையை வாங்கி 1971இல் கிராக்பாட் என்ற பெயரில் விற்கத் தொடங்கியபோது, பெண்கள் பெருமளவில் வேலைக்குச் செல்லத் தொடங்கியிருந்த காலம் அதற்குக் கைகொடுத்தது. இக்கலத்தில் ஆவி வெளியேறுவதில்லை என்பதால் சாந்தைத் தவிர அரைக் கோப்பை நீரே போதுமானது. இறைச்சியே நிறைய நீர் விடும். குறைந்த சூட்டில் எட்டு மணி நேரமும், கூடிய சூட்டில் நான்கைந்து மணி நேரமும் ஆகும். உறைந்த இறைச்சியை அப்படியே போடக் கூடாது, ஏனெனில் அது நுண்ணுயிர்கள் பெருகும் இளஞ்சூட்டில் நெடுநேரம் தங்கிவிடும். சிவப்பு ராஜ்மாவைப் பச்சையாக இதில் சேர்ப்பதும் ஆபத்தானது. அதிலுள்ள லெக்டின் என்னும் நச்சுப்புரதம் நன்றாகக் கொதித்தால்தான் அழியும், ஸ்லோ குக்கரின் சூடு அதற்குப் போதாது.

அடுப்பிலேற்றும் பிரஷர் குக்கர் உள்ள வீட்டில் இந்தக் கருவியை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அழுத்தத்தில் நீராவி 120 டிகிரியை ஒட்டிச் செல்வதால் கொலாஜன் விரைந்து கரைந்து, சிறு துண்டுகளானால் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் பதம் வந்துவிடும். அடிப்பிடிக்காமல் இருக்க நீர் மட்டும் சற்றுக் கூடுதலாகத் தேவை. மணத்தின் ஆழத்தில் சிறு குறை தெரியலாம், ஆனால் வார நாளின் மாலையில் அதைப் பெரிதாக எண்ணுவோர் சிலரே.

வெந்த துண்டுகளை வெளியே எடுத்து, கை பொறுக்கும் சூடு இருக்கும்போதே இரண்டு முள்கரண்டிகளால் நார்ப்போக்கில் பிரிக்க வேண்டும். ஆறிவிட்டால் ஜெலட்டின் இறுகிப் பிரிப்பது கடினம், இயந்திரத்தில் இட்டு அடித்தாலோ நார் போய்க் கூழாகிவிடும். இதற்கிடையில் குழம்பைத் திறந்த சட்டியில் பாதியாகச் சுண்டவைத்து, இறைச்சி நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றிப் பிசிற வேண்டும். அன்றிரவுக்குரிய பங்கைச் சூடான இரும்புத் தோசைக்கல்லில் பரப்பி, கிளறாமல் இரண்டு நிமிடம் விட்டால் ஓரங்கள் முறுகிவிடும். சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தை அரைத்துச் சுடும் டோர்ட்டியாவில் இதை வைத்து, பொடியாக அரிந்த வெங்காயமும் கொத்தமல்லியும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் டாக்கோ ஆகிறது. மறுநாள் அதே இறைச்சி சோற்றுடனும் வெந்த பயற்றுடனும் சேரலாம், அல்லது முட்டையுடன் காலை உணவாகலாம்.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் கெடாது. அதற்கு மேல் வேண்டுமானால் ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் குழம்புடனே உறையவைக்கலாம், இரண்டு மூன்று மாதம் சுவை குன்றாமல் இருக்கும். குழம்பில்லாமல் வெறும் நாராக உறையவைத்த இறைச்சி வறண்டுவிடும் என்பதால், சுண்டிய குழம்பில் ஒரு கோப்பையேனும் பொட்டலங்களுக்கென்று எடுத்துவைக்க வேண்டும்.