அனுபவத்தை எழுதி வைக்கும் கம்ப்யூட்டர்

ஐதராபாத்தில் காஞ்சன்பாக் என்ற பகுதி உள்ளது. அங்கே மிதானி என்ற அரசு ஆலை இருக்கிறது. 1973இல் தொடங்கியது. ராக்கெட்டுக்கும் விமானத்துக்கும் வேண்டிய சிறப்பு உலோகங்களை அங்கே உருக்குகிறார்கள்.

இப்படிப்பட்ட ஆலைகளில் முப்பது வருடம் வேலை பார்த்தவர்கள் இருப்பார்கள். இயந்திரத்தின் சத்தம் மாறினால் போதும். கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் ஓய்வு பெற்றால் அந்த அறிவும் வீட்டுக்குப் போய்விடும்.

அதைக் கம்ப்யூட்டரில் எழுதி வைக்க முடியாதா?

முடியும் என்று 1970களில் சிலர் முயன்றார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவர்களின் அனுபவத்தை எழுதிப் பார்த்தார்கள். அந்த நிரலின் பெயர் மைசின். நிரல் என்றால் கம்ப்யூட்டருக்கு நாம் கொடுக்கும் கட்டளைத் தொகுப்பு. ரத்தத்தில் கிருமி பரவிய நோயாளிக்கு எந்த மருந்து ஏற்றது என்று மைசின் சொல்லும். அதில் சுமார் 600 விதிகள் இருந்தன. "இப்படி இருந்தால் இப்படிச் செய்" என்பதே விதி.

நம் நாட்டிலும் சென்னை ஐ.ஐ.டி.யில் ஏகலவ்யா என்ற நிரலை உருவாக்கினார்கள். சிறு குழந்தைகளின் நோயைப் பார்க்கும் சுகாதார ஊழியருக்கு உதவுவதற்காக. குரு அருகில் இல்லாமலே வித்தை கற்றவனின் பெயர். பொருத்தம்தான்!

கடினமான வேலை, கைதேர்ந்தவரைப் பேச வைப்பதுதான். வயிற்றுப்போக்கில் குழந்தையின் உடலில் நீர் வற்றியது எப்படித் தெரியும்? மருத்துவரைக் கேட்டால், "பார்த்தாலே தெரியும்" என்பார். கேட்பவர் விடக்கூடாது. "எதைப் பார்த்தீர்கள் ஐயா?" என்று மேலும் கேட்க வேண்டும்.

கண் குழி விழுந்திருக்கிறதா? வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகப் பழைய நிலைக்கு வருகிறதா? தாகத்தோடு ஆவலாகக் குடிக்கிறதா? எரிச்சலாக அழுகிறதா? இவற்றில் இரண்டு இருந்தாலே நீர் வற்றுகிறது என்று பொருள். ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைக் கரைசலை உடனே கொடுக்க வேண்டும். குடிக்க முடியாமல் குழந்தை துவண்டு கிடந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். "பார்த்தாலே தெரியும்" என்ற சொல்லுக்குள் இத்தனை இருக்கிறது!

மைசினிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அது கேள்வி கேட்கும்போது, "ஏன் கேட்கிறாய்?" என்று மருத்துவர் திருப்பிக் கேட்கலாம். அது தன் விதியை எடுத்துக் காட்டும். ஆனாலும் மைசின் ஆஸ்பத்திரிகளில் புழக்கத்துக்கு வரவில்லை. பதில்களைத் தட்டி முடிக்கவே நேரமானது. மருந்து தவறினால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் எழுந்தது.

இன்றைய நிரல்கள் பல வேறு வகை. ஏராளமான படங்களையும் எழுத்துகளையும் பார்த்துத் தாமே பழகுகின்றன. ஆனால் "ஏன்?" என்று கேட்டால், மைசினைப் போல் விதியை எடுத்துக் காட்ட அவற்றால் பெரும்பாலும் முடிவதில்லை.