எரியாத சிவப்பு விளக்கு

பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டால் பெரியகல்லாற்றுப் பழைய கெப் வண்டிகளுக்கு ஓய்வு கிடையாது. விடிய முன்னம் வெல்லாவெளிப் பக்கம் போய், படுவான்கரை வயல்களில் நெல் மூட்டை ஏற்றி, பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிகுடிக்கு வந்து, ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு தாண்டி ஊர் சேர வேண்டும். நெல் இல்லாத நாளில் அதே வண்டி மீன் பெட்டி சுமக்கும். இருபது, முப்பது வருடம் ஓடிய வண்டிகள் சேற்றையும் உப்பையும் அளவுக்கு மீறிய சுமையையும் தாங்கிவிடுகின்றன. ஒயில் பிரஷர் விழுவதை மட்டும் எந்த எஞ்சினாலும் தாங்க முடியாது.

அது பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். சுமையோடு வந்த வண்டி பாலத்தடியில் வேகம் குறைக்கும்போது எண்ணெய்க் குவளை வடிவச் சிவப்பு விளக்கு மினுங்கும். அக்ஸிலேட்டரை மிதித்தால் அணைந்துவிடும். “சூட்டுக்கு அப்பிடித்தான் காட்டும், வீட்ட போய்ப் பாப்பம்” என்று சாரதி ஓட்டிக்கொண்டே வருவார். சில ஆயிரம் ரூபாவில் முடிந்திருக்க வேண்டிய வேலையை, எஞ்சினை இறக்கிக் கிராங்கை லேத்துக்கு அனுப்பும் வேலையாக மாற்றுவது அந்தக் கடைசிச் சில கிலோமீற்றர்தான்.

ஒயில் பம்ப் பிரஷரை உண்டாக்குவதில்லை. அது ஒயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். கிராங்குக்கும் பெயாரிங்குக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளிக்குள் ஒயில் நெருக்குப்பட்டு ஓடும்போதே பிரஷர் பிறக்கிறது. நல்ல எஞ்சினில் அந்த இடைவெளி ஒரு மில்லிமீற்றரை நூறாகப் பிரித்தால் மூன்று முதல் ஆறு பங்கு வரை இருக்கும். பத்துப் பங்கை எட்டினால் பெயாரிங்கின் காலம் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆகவே பிரஷர் விழுந்த வண்டியில் கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான். பம்புக்கு ஒயில் போகிறதா? போன ஒயில் எங்காவது நெருக்கமில்லாமல் தப்பிவிடுகிறதா?

தேய்மானம் மெல்ல மெல்ல வரும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் பிரஷர் நன்றாகக் காட்டி, ஓடிச் சூடேறியதும் ஐட்லிங்கில் மட்டும் விழுந்தால் பெயாரிங்கைச் சந்தேகிக்கலாம். திடீர் வீழ்ச்சிக்குக் காரணங்கள் வேறு. ஒயில் கொட்டிப் போயிருக்கலாம், ஒயிலை உறிஞ்சும் வலை அடைபட்டிருக்கலாம், மேலதிக பிரஷரைத் திருப்பி விடும் ரிலீஃப் வால்வில் ஒரு துகள் சிக்கி அது திறந்தபடி நின்றிருக்கலாம். புது ஃபில்டர் பூட்டிய மறுநாளே இது நடந்தால் முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியது ஏறி, இரண்டும் பிதுங்கி ஒயிலை ரோட்டில் ஊற்றிவிடுவதுண்டு. எஞ்சினைப் பிரித்துப் போடாமலே தீர்க்கக்கூடிய கோளாறுகள் இவை. ஒரேயொரு நிபந்தனை, விளக்கு எரிந்ததும் எஞ்சின் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும் கிராங் ஒரு வினாடியில் 33 தடவை சுற்றுகிறது. ஒயில் இல்லாத பெயாரிங்குக்கு ஒரு நிமிடமே அதிகம்.

நிறுத்திய பிறகு செய்ய வேண்டிய முதல் வேலைக்குக் கராஜ் தேவையில்லை. சமதரையில் சில நிமிடம் விட்டு ஒயில் கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும். அளவு குறைந்திருந்தால் கசிவைத் தேடலாம். அளவு கூடியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒயிலில் டீசல் மணம் வந்தால் டீசல் பம்பின் சீல் கசிந்தோ, இன்ஜெக்டர் ஒழுகியோ ஒயில் நீர்த்துப் போயிருக்கிறது. பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் கிழக்கு வெள்ளத்தில் மூழ்கியபோது முழங்காலளவு தண்ணீருக்குள் வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. தண்ணீர் கலந்த ஒயிலோடு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

அடுத்தது இந்த ஊருக்கே உரிய காரணம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. மீன் பெட்டியில் உருகும் ஐஸ் தண்ணீர் தட்டால் வடிந்து சேசிஸில் ஊறுகிறது. ஒயில் பானின் அடித்தகடு துருவேறி, ஊசித் துளை விழுந்து, ஒரே இரவில் ஒயில் சொட்டி முடிந்துவிடலாம். ஒயில் சுவிச்சின் முனை பச்சை பூத்து உதிர்ந்துவிடலாம். இந்தச் சுவிச் வேலை செய்யும் முறையை ஒவ்வொரு சாரதியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பிரஷர் இல்லாதபோது அது வயரை எஞ்சின் உடலோடு இணைக்கிறது, விளக்கு எரிகிறது. பிரஷர் ஏறினால் இணைப்பு விடுபட்டு விளக்கு அணைகிறது. ஆகவே தோல் உரிந்த வயர் இரும்பில் பட்டால் கோளாறு இல்லாமலே விளக்கு எரியும். வயர் அறுந்து தொங்கினால், எஞ்சின் எரிந்து போனாலும் விளக்கு எரியாது.

சாதாரணச் சுவிச் விளக்கை எரிய விடுவது பிரஷர் 4 முதல் 7 பி.எஸ்.ஐ. வரை இறங்கிய பிறகுதான். சுமையோடு ஓடும் எஞ்சினுக்கு அது கிட்டத்தட்ட பூச்சியம். விளக்கு எரியவில்லை என்பதால் எஞ்சின் நலம் என்று ஆகிவிடாது. உண்மையைச் சொல்லக்கூடியது தனியாகப் பூட்டிப் பார்க்கும் பிரஷர் கேஜ்தான். சுவிச்சைக் கழற்றிவிட்டு அதே துளையில் கேஜின் குழாயை முறுக்க வேண்டும். ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் எட்டில் ஒரு அங்குல மரை. பழைய ஹைலக்ஸ் போன்ற டீசல் வண்டிகளின் கையேடு சூடான எஞ்சினுக்குக் கேட்பது ஐட்லிங்கில் குறைந்தது 4.3 பி.எஸ்.ஐ., 3,000 சுற்றில் குறைந்தது 36 பி.எஸ்.ஐ. கேஜில் பிரஷர் சரியாக இருந்தால் பழுது சுவிச்சிலோ வயரிலோ தான். எஞ்சினைத் தொட வேண்டாம். அங்கேயும் விழுந்தால் ஒயிலை வடித்து, பழைய ஃபில்டரை அறுத்துக் கடதாசி மடிப்பை விரித்துப் பார்க்க வேண்டும். செம்பு நிற மினுக்கம் பெயாரிங் கரைந்ததைக் காட்டும். காந்தத்தில் ஒட்டும் தூள் இரும்பு. ஒன்றும் இல்லையென்றால் ஒயில் பானை மட்டும் இறக்கி வலையையும் வால்வையும் துப்புரவு செய்து மீண்டும் அளக்கலாம். எஞ்சினை இறக்குவது அதற்கும் பிறகு வரும் முடிவு.

எச்சரிக்கையை நம்பாமல் விடுவது சாரதிகளுக்கு மட்டும் உள்ள பலவீனமல்ல. 1983 மே 5 அன்று அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸின் நாசாவுக்கு 172 பேருடன் போன மூன்று எஞ்சின் விமானம் ஒன்றில், நடு எஞ்சினின் ஒயில் பிரஷர் விழுந்தது. விமானிகள் அதை நிறுத்திவிட்டு மயாமிக்குத் திரும்பினார்கள். வழியில் மற்ற இரண்டு எஞ்சின்களின் கேஜ்களும் கீழே இறங்கின. மூன்றும் ஒன்றாக ஒயில் இழப்பது நடக்காத காரியம், மீற்றர்தான் பிழை என்று நினைத்தார்கள். மீற்றரில் பிழை இருக்கவில்லை. பராமரிப்பின்போது மூன்று எஞ்சின்களிலும் உலோகத் துகள் பிடிக்கும் காந்தச் செருகிகளை ரப்பர் வளையம் இல்லாமல் பூட்டியிருந்தார்கள். ஒயில் அந்த வழியால் போய்க்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டும் அடுத்தடுத்து நின்றுவிட்டன. விமானத்தைத் தரையிறக்கியது, முதலிலேயே நிறுத்தி வைத்திருந்த நடு எஞ்சின். அதை மீண்டும் இயக்க முடிந்ததால் எல்லோரும் பிழைத்தார்கள். உடனே நிறுத்தப்பட்ட எஞ்சின் உயிரோடு இருக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

விமானத்தில் கேஜை மறைக்க யாராலும் முடியாது. பழைய கெப்பில் முடிகிறது. உண்மையில் கவலைப்பட வேண்டிய விடயம் இதுதான்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் 2022 இல் 200 ரூபாவளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாவைத் தொட்டது. புது வண்டி வராத நாட்டில் பழைய வண்டி தங்கமானது. அதன் உதிரிப்பாகமும் எட்டாத விலைக்குப் போனது. எஞ்சின் செய்யக் காசில்லை, விற்றால் நல்ல விலை வரும் என்ற நெருக்கடியில் மூடி மறைக்கும் கைவேலை எங்கும் செழிக்கும். ஒயில் சுவிச்சின் வயரைக் கழற்றி விடுவது அதில் மிக எளியது. சாவியைத் திருப்பினால் விளக்கு எரியாதது வாங்குபவர் கண்ணில் படும் என்று தெரிந்தவர்கள், ஒயில் விளக்கை பற்றரி விளக்கின் வயரோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். சாவி போட்டால் இரண்டும் எரியும், ஸ்டார்ட் ஆனதும் இரண்டும் ஒன்றாக அணையும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். இன்னும் சிலர் தடித்த ஒயிலை ஊற்றி, அதற்கு மேல் கெட்டியாக்கும் மருந்தும் கலந்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்துக்கு வாங்குபவரை வரச் சொல்கிறார்கள்.

ஓடித் தேய்ந்த எஞ்சினில் சூட்டுக்கு விளக்கு லேசாக மினுங்குவது இயல்பு, அதைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை என்று சொல்லும் அனுபவசாலிகளும் இருக்கிறார்கள். கேஜ் பூட்டி அளந்து பார்த்துவிட்டு அவர்கள் அதைச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

மறைக்கப்பட்ட விளக்கால் நட்டப்படுவது பெரும்பாலும் ஒரு சீசன் நெல் ஏற்றிக் கடனை அடைக்கலாம் என்று லீசிங் எடுத்து வண்டி வாங்கும் குடும்பம். வாங்கி இரண்டாம் வாரம் எஞ்சின் தட்டத் தொடங்கினால் வண்டி கராஜில் நிற்கும்; லீசிங் தவணை நிற்காது. அறுவடை யாருக்காகவும் காத்திருக்காது. மெக்கானிக் பிழை, ஒயில் பிழை, ஓட்டினவன் பிழை என்று வீட்டுக்குள்ளேயே சண்டை நடக்கும். கழற்றிவிட்ட வயரை யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமான வேலை அல்ல. பழைய கெப் வாங்கப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லாமல் பின்னேரம் போங்கள். போனதும் பொனட்டில் கை வைத்துப் பாருங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்கட்டும். ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்புங்கள், ஒயில் விளக்கு எரிய வேண்டும். பிறகு மெக்கானிக்கைக் கொண்டு சுவிச்சின் வயரைக் கழற்றச் சொல்லுங்கள், விளக்கு அணைய வேண்டும். அந்த வயரை இரும்பில் தொட்டால் மீண்டும் எரிய வேண்டும். வயரைக் கழற்றியும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், அது ஒயில் சுவிச்சோடு இல்லை. எல்லாம் சரியென்றால் ஓர் அரை மணித்தியாலம் ஓட்டிச் சூடாக்கி, கேஜ் பூட்டி ஐட்லிங்கில் அளந்து பாருங்கள். கேஜ் பூட்ட விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.

கராஜ் வைத்திருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு பிரஷர் கேஜ் வாங்கி வையுங்கள், அளக்காமல் எந்த எஞ்சினையும் பிரிக்காதீர்கள். “அந்த வயரைக் கழற்றி விடுங்க அண்ணன்” என்று யார் வந்து கேட்டாலும் முடியாது என்று சொல்லுங்கள்.