கடல் கடந்த பண்ணையாளைத் தேடி

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1853 முதல், ஒருவர் இறந்தால் அரசு நிரப்பிய படிவம் மிக நீளமானது. பெயர், வயது, நோய் ஆகியவற்றோடு அது நிற்காது. தாய் தந்தை பெயர், தந்தையின் தொழில், பிறந்த ஊர், குடியேறி எத்தனை ஆண்டு ஆயிற்று, எங்கே யாரை மணந்தார், பிள்ளைகள் யார் யார், அவர்களின் வயது என்ன என்று அது கேட்டுக்கொண்டே போகும். அதே காலத்து இங்கிலாந்தில் பண்ணை வேலை பார்த்த ஒருவர் இறந்திருந்தால், அவருடைய சான்றிதழில் பெற்றோர் பெயர்கூட இருக்காது. அதனால் சசெக்ஸிலோ டார்செட்டிலோ ஏர் பிடித்தவர் எந்த ஊர்க்காரர் என்ற விவரம் பல குடும்பங்களுக்கு அவர் பிறந்த நாட்டில் கிடைப்பதில்லை. அவர் கண்ணை மூடிய நாட்டில்தான் கிடைக்கிறது.

ஊர்ப் பெயர் இல்லாவிட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடும். 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவுப்படி, ஒவ்வொரு தேவாலயப் பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுதி வந்தார்கள். அரசே பிறப்பு இறப்பைப் பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1இல்தான். அதற்கு முன் பிறந்தவரைப் பங்குவாரியாகத்தான் தேட வேண்டும். ஒரு கவுன்ட்டியில், அதாவது மாவட்டத்தில், நூற்றுக்கணக்கான பங்குகள். ஒவ்வொன்றிலும் ஜான்கள், வில்லியம்கள், தாமஸ்கள்.

ஆண்டும் பெயரும் பொருந்துகிற ஒரு ஞானஸ்நானப் பதிவைக் கண்டதும் ‘இவர்தான் நம் முன்னோர்’ என்று முடிவுகட்டத் தோன்றும். அனுபவமுள்ள ஆய்வாளர் அப்போது செய்யும் காரியம் கொஞ்சம் கொடூரமாகத் தெரியலாம். அந்தக் குழந்தை செத்துப்போயிருக்கிறதா என்று அடக்க ஏட்டைப் புரட்டுவார். இரண்டு வயதில் புதைக்கப்பட்ட பிள்ளை கப்பல் ஏறியிருக்க முடியாதல்லவா? இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு வைக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. அடக்க ஏட்டில் பெயர் இல்லையென்றால் 1851ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்ப்பார். வயதையும் பிறந்த பங்கையும் முறையாகக் குறித்த முதல் கணக்கெடுப்பு அது. 1841இல் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருந்தார்கள். 1851க்கு முன்பே கப்பலேறியதாகத் தெரிந்த ‘நம்மவர்’ அந்த ஆண்டில் அதே ஊரில் மனைவி மக்களோடு வாழ்ந்துகொண்டிருந்தால், வேறு ஜானைத் தேட வேண்டியதுதான்.

இங்கிலாந்திலிருந்து வெளியேறிய கப்பல்களின் பயணிகள் பட்டியல்களில் பெரும்பாலும் 1890 முதலானவைதான் மிஞ்சியிருக்கின்றன. அமெரிக்கா 1820 முதல் வருகைப் பட்டியல் வைத்திருந்தாலும், சொந்த ஊர் என்னும் இடத்தில் பெரும்பாலும் ‘இங்கிலாந்து’ என்ற ஒற்றைச் சொல்தான். இத்தனை இடைவெளிகள் இருந்தும், எழுதப் படிக்கத் தெரியாமல் திருமண ஏட்டில் பெருக்கல் குறி போட்டுச் சென்ற கூலியாளின் வாழ்க்கை சில சமயம் நம்ப முடியாத நுணுக்கத்தோடு கிடைத்துவிடுகிறது. அவர் தன்னைப் பற்றி ஒரு வரியும் எழுதிவைக்கவில்லை. ஆனால் அவருக்காக யாரோ காசு செலவழிக்க நேர்ந்த இடங்களிலெல்லாம் அவர் பெயர் ஏட்டில் ஏறியிருக்கிறது.

1662ஆம் ஆண்டுச் சட்டப்படி, வறுமையில் விழுந்தவருக்குச் சோறு போட வேண்டியது அவருடைய சொந்தப் பங்கு. பிழைக்க வந்த ஊரில் ஒருவர் உதவி கேட்டால், நீதிபதிகள் அவரிடம் சத்தியம் வாங்கி விசாரித்தார்கள். எங்கே பிறந்தாய், எந்தப் பண்ணையில் முழு ஆண்டு வேலை பார்த்தாய், என்ன கூலி, எப்போது கல்யாணம் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். அவரை வேறு ஊரின் தலையில் கட்டுவதற்காக எடுத்த வாக்குமூலம் அது. இன்று அந்தத் தாள்தான் அவருடைய ஒரே சுயசரிதை. அந்த விசாரணையில் நின்றவரின் அவமானத்தை மறந்துவிட்டு அதை வெறும் தகவலாகப் படிக்க என்னால் முடிவதில்லை.

1830இல் கென்ட்டில் தொடங்கித் தென் இங்கிலாந்து முழுக்கப் பரவிய ‘ஸ்விங்’ கலகத்தில், குளிர்கால வேலையைப் பறித்த கதிரடிக்கும் இயந்திரங்களைக் கூலியாட்கள் உடைத்தார்கள். 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், ஏறத்தாழ 500 பேர் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். அங்கே கைதிகளின் உயரம், முடியின் நிறம், தழும்பு, பச்சை குத்திய இடம் வரை எழுதிவைத்தார்கள். புகைப்படம் இல்லாத காலத்து உழவர் ஒருவரின் முகத்தை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் ஆவணம் அரிது.

கலகத்துக்குப் பயந்த பங்குகளும் நிலப்பிரபுக்களும், ஏழைகளை ஊரில் வைத்துக் காப்பதைவிடக் கப்பலேற்றிவிடுவது மலிவு என்று கணக்குப் போட்டார்கள். சசெக்ஸின் பெட்வொர்த்தில் எக்ரிமான்ட் பிரபுவின் பணத்தோடும் பாதிரியார் தாமஸ் சாக்கெட்டின் ஏற்பாட்டோடும் 1832 முதல் 1837 வரை சுமார் 1,800 பேர் கனடாவுக்குப் போனார்கள். அவர்கள் ஊருக்குப் போட்ட கடிதங்களைச் சாக்கெட் அச்சிட்டு வெளியிட்டார். மற்றவர்களையும் கிளப்பிவிட வேண்டும் என்ற நோக்கம் அவருக்கு இருந்ததால், அவற்றில் வரும் நல்ல சேதிகளை எடைபோட்டுத்தான் ஏற்க வேண்டும்.

ஊர் தெரிந்துவிட்டால் வயல்வரை போய்விடலாம். 1836ஆம் ஆண்டுச் சட்டம், விளைச்சலில் திருச்சபைக்குக் கொடுத்துவந்த தசமபாகத்தைப் பணமாக மாற்றியது. அதற்காக ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் எண் கொடுத்து வரைபடமும் பட்டியலும் தயாரித்தார்கள். அடங்கல் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பட்டியலின் அமைப்பு உடனே பிடிபடும்: உடைமையாளர், அனுபவிப்பவர், வயலின் பெயர், உழவா மேய்ச்சலா, பரப்பு எவ்வளவு. இங்கிலாந்து, வேல்ஸின் முக்கால் பங்கு இதில் அடங்குகிறது. முன்னோர் குடியிருந்த குடிசையின் எண்ணைப் பிடித்து, இன்றைய வரைபடத்தில் அதே வளைவில் திரும்பும் பாதையைக் காணலாம்.

இப்போது மரபணுவும் இந்தத் தேடலில் சேர்ந்திருக்கிறது. 2015இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வுக்காக, பிரிட்டனின் நாட்டுப்புறங்களில் 2,039 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். தாத்தா பாட்டி நால்வரும் 80 கிலோமீட்டர் வட்டத்துக்குள் பிறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மரபணு ஒற்றுமையை மட்டும் வைத்துக் கணினி அவர்களை 17 கூட்டங்களாகப் பிரித்தது. வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது, கார்ன்வாலுக்கும் டெவனுக்கும் இடையே பிரிவு ஏறக்குறைய கவுன்ட்டி எல்லையிலேயே விழுந்தது. தலைமுறை தலைமுறையாக அக்கம்பக்கத்திலேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்ததன் தடம் அது. ஆனால் மத்திய, தென் இங்கிலாந்தின் பெரும்பகுதி ஒரே கூட்டமாகத்தான் தெரிந்தது. ஆகவே சசெக்ஸ்காரரின் வழிவந்தவருக்கு எச்சில் பரிசோதனை கிராமத்தைச் சுட்டிக்காட்டிவிடாது.

அதன் உண்மையான பயன் உறவினரைக் கண்டுபிடிப்பதில். அண்ணன் கனடா போனார், தம்பி ஊரிலேயே தங்கினார் என்று வையுங்கள். இருவரின் வழித்தோன்றல்களிடமும் ஒரே மரபணுத் துண்டு இருந்தால், ஏடுகளை வைத்துப் போட்ட ஊகத்துக்கு வலு கூடும். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் பெற்றோரின் மரபணுவில் பாதிதான் பிள்ளைக்கு வருகிறது. எந்தப் பாதி என்பது தற்செயல். எள்ளுத்தாத்தாவைப் பொதுவாகக் கொண்ட இருவரிடையே, பத்தில் ஒன்பது முறை கண்டறியத்தக்க பொதுத் துண்டு இருக்கும். இன்னும் ஒரு தலைமுறை மேலே போனால் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகிறது. அதற்கும் மேலே மளமளவெனக் குறைகிறது. 1830களில் கப்பலேறியவர்கள் இன்றைய நடுவயதுக்காரருக்கு இந்த விளிம்பில்தான் இருக்கிறார்கள். எனவே பரிசோதனை செய்ய நினைக்கும் குடும்பம், ஆர்வமுள்ள இளையவரின் எச்சிலை அனுப்புவதற்கு முன் வீட்டிலிருக்கும் தொண்ணூறு வயதுப் பெரியவரிடம் சம்மதம் கேட்டு அவருடைய மாதிரியை அனுப்புவது நல்லது. இளையவர்களுக்கு வந்து சேராத துண்டுகள் அவரிடம் இன்னும் இருக்கக்கூடும்.