எப்பிக்கூரசின் தோட்டத்து மதில்

ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் 'எப்பிக்கூரியன்' என்றால் சுவையான உணவும் வைனும் தேடுபவன். அப்பெயருக்குரிய மெய்யியலாளருக்கோ பாணும் தண்ணீரும் போதுமாயிருந்தன. சிறிது பாற்கட்டி கிடைத்தால் அது விருந்து.

எப்பிக்கூரஸ் கி.மு. 341இல் சாமோஸ் தீவில் குடியேறியிருந்த ஏதென்சுப் பெற்றோருக்குப் பிறந்தவர். அலெக்சாந்தரின் மறைவுக்குப் பின் அக்குடியேறிகள் வெளியேற்றப்பட்டனர். அவரது குடும்பம் கொலொஃபோனுக்குப் போனது. ஏறத்தாழ கி.மு. 306இல் ஏதென்சில் அவர் அமைத்த 'தோட்ட'த்தில் பெண்களும் அடிமைகளும்கூட இடம்பெற்றனர்.

இன்பமே வாழ்வின் இலக்கு என்றார். ஆனால் அதை இரண்டாகப் பிரித்தார். தாகம் தணியும்போது வருவது ஒன்று. தணிந்தபின் குறையேதுமின்றி இருப்பது மற்றது. உடலில் நோவின்மை, உள்ளத்தில் கலக்கமின்மை: இதற்குமேல் இன்பம் வகை மாறலாம், கூடாது. ஆகவே செல்வம், புகழ், அதிகாரம் என்ற எல்லையற்ற ஆசைகளை விடச் சொன்னார்; அரசியலிலிருந்தும் விலகச் சொன்னார்.

எனக்கு இடறுவது இங்கேதான். அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்த காலத்தில், நண்பர்களுடன் சோறும் பருப்பும் பகிர்ந்த இரவுகளில், அந்த நிறைவை நான் அறிந்திருக்கிறேன். தொலைபேசி ஒலித்ததும் அது கலைந்துவிடும். ஊரில் யாருக்கு என்ன நேர்ந்ததோ? அக்கலக்கத்தை ஒரு நோயென்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

நண்பனுக்காகச் சாகவும் ஞானி துணிவான் என்றவரும் எப்பிக்கூரசே. அப்படியானால் நட்பு தோட்டத்து மதிலோடு ஏன் நிற்க வேண்டும்?